பேருந்து நிலையத்தில் உறங்குவோருக்கு மருத்துவ முகாம் நடத்தலாமா?

கேள்வி: தருமபுரியில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன், நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் உள்ளது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் சுற்றியுள்ள கடை வாசல்களிலும் இரவில் இருபது, இருபத்தைந்து பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவருக்குக் காலில் புண் அழுகிப் புழு வைத்திருந்ததைக் கண்டு, மாணவர்களும் நானும் அவரை 108 வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அவர் யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டார். இப்போது பழைய இடத்திலேயே அழுக்குக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாணவர்கள் மனம் விட்டுப்போனார்கள். தனக்குத்தானே பேசிக்கொண்டு யாரையும் அருகில் விடாத ஒரு பெண்ணும் அங்கே இருக்கிறார்; அவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது சரியா என்று தெரியவில்லை. வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கென்றே பெரிய மருத்துவ முகாம் ஒன்றை நடத்த எண்ணியுள்ளோம். அதை எப்படி நடத்தினால் பயன்படும்?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, நீங்கள் கேட்டிருப்பது முகாமைப் பற்றி; ஆனால் நான் அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் ஏன் எழுந்து போனார் என்பது விளங்கினால், முகாம் வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்பதும் விளங்கிவிடும்.

மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர்களுக்கு அந்தக் கணக்கு பழக்கமானது. நாள்தோறும் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்த நேர்ந்தால், முதல் நாளிலேயே கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாதவை கண்ணில் தெரியும், சுவரில் பூச்சி ஊரும், யாரோ அடிக்க வருவது போலிருக்கும். அந்த நிலையில் படுக்கையை விட்டு ஓடுபவரை நன்றி கெட்டவர் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய ஒரு நோய்நிலை. அதற்கு மருந்து உண்டு. சேர்க்கும்போதே ‘இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இந்த நேரம்’ என்று பணி மருத்துவரிடம் சொல்லியிருந்தால், நடுக்கத்துக்கான மாத்திரையும், வைட்டமின் பி1 எனப்படும் தயமின் ஊசியும் அன்றைக்கே தொடங்கியிருப்பார்கள். குடிப்பழக்கத்தாலும் பட்டினியாலும் உடல் வற்றிய ஒருவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும் என்பதால், இந்தத் தகவல் மருத்துவருக்கு அவசியம். சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அவருடைய மானத்தைக் காப்பதாக நினைத்து இதை மறைத்துவிடுகிறார்கள். உங்கள் பெரியவர் குடிப்பவரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பீடி மட்டும் பிடிப்பவராக இருந்தாலும், மூன்று நாள் பீடியில்லாமல் படுக்கையில் கிடப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

குடியும் பீடியும் இல்லாதவர்களும் போய்விடுகிறார்கள். காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. உடனிருப்பவர் இல்லாதது இன்னொன்று: நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது, சீட்டை எடுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவது, சாப்பாடு வாங்கி வருவது எல்லாம் உறவினர் தலையில்தான் விழுகின்றன, உறவினர் இல்லாதவர் அந்த வார்டில் பாதி நோயாளியாகத்தான் இருக்க முடிகிறது. மூன்றாவது காரணம் மூட்டை. இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருந்த காலத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் தங்கியிருந்த ஒரு மூதாட்டி மூச்சுத் திணறலோடு வந்தார். கையில் ஒரு சாக்கு மூட்டை, நாற்றம் அடித்தது. அதை வெளியே வைத்துவிட்டு வரும்படி நான்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். பத்து நாள் கழித்து அவரை மீண்டும் அழைத்து வந்தபோது மூட்டை கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும் என்று விட்டோம். சிகிச்சை முடியும்வரை இருந்தார். அந்த மூட்டையில் இரண்டு அலுமினியப் பாத்திரங்களும், கணவருடைய சட்டை ஒன்றும், எப்போதோ இடித்துத் தள்ளப்பட்ட ஒரு வீட்டின் முகவரி போட்ட குடும்ப அட்டையும் இருந்தன. அதைத் தெருவில் வைக்கச் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த முறை ஒருவரைச் சேர்க்கும்போது மூன்று காரியங்களை முன்கூட்டியே செய்துவிடுங்கள். குடி, பீடி, புகையிலை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மூட்டையை அவர் கண் முன்னாலேயே கட்டிலடியில் வையுங்கள். அது முடியாதென்றால் அவர் நம்பும் ஒரு கடைக்காரரிடம், அவரே தன் கையால் கொடுக்கும்படி செய்யுங்கள். மாணவர்களை முறை வைத்து, காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று உடனிருக்க அனுப்புங்கள். இரவு முழுதும் தேவையில்லை. மருத்துவர் வார்டைச் சுற்றிவரும் காலை நேரத்தில் ஒருவர் அருகில் நின்றாலே பாதிச் சிக்கல் தீரும். முடியை மழிப்பது, பலவந்தமாகக் குளிப்பாட்டுவது ஆகியவற்றை அவர் சம்மதமின்றிச் செய்ய விடாதீர்கள். சுத்தம் வேண்டியதுதான், ஆனால் கேட்டுச் செய்யும்போது மட்டுமே அது சிகிச்சையாகிறது.

இனி அவருடைய கால். அவர் மருத்துவமனைக்கு வர மறுத்தாலும் புண்ணுக்குச் செய்ய வேண்டியவை உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே கொஞ்சம் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் உடன் வர, கையுறை அணிந்து, சலைன் கொண்டோ, காய்ச்சி ஆறவைத்த நீர் கொண்டோ புண்ணைக் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டலாம். புழுவைக் கொல்வதாக நினைத்து மண்ணெண்ணெய், பினாயில், பெட்ரோல் எதையும் ஊற்றக் கூடாது. அவை உயிருள்ள சதையையும் சேர்த்து எரித்துவிடும். புழுவைக் கண்டு மாணவர்கள் அருவருக்க வேண்டியதில்லை. மூடாத புண்ணில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டதன் விளைவுதான் அது. அதை முழுதாக அகற்றும் வேலையை மட்டும் மருத்துவமனைக்கு விட்டுவிடுங்கள். டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னிக்கான தடுப்பூசி போட்டார்களா என்று ஓ.பி. சீட்டைப் பாருங்கள். காய்ச்சல், மயக்கம், புண்ணைச் சுற்றிக் கருமை, முழங்காலை நோக்கி ஏறும் சிவப்பு, தாங்க முடியாத வீச்சம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவ்வளவு பெரிய புண்ணோடு அவர் நடந்தே வெளியேறினார் என்றால், அந்தப் பாதத்தில் வலி தெரிகிறதா என்ற கேள்வி எழுகிறது. வலிக்காத புண் என்றால் எங்களுக்கு இரண்டு நோய்கள் நினைவுக்கு வரும்: சர்க்கரை, தொழுநோய். ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடலாம். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை, மடங்கிய விரல், முழங்கைக்கருகே தடித்த நரம்பு ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து 6 மாதமோ 12 மாதமோ இலவசமாகவே கிடைக்கிறது, முழுதாகக் குணமாகும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கென்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல்லாண்டுகள் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த தலைமுறை இது. அந்த நீரால் முதுகெலும்பு இறுகிப்போன ஒரு பெரியவரால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்கவே முடியாமல் போகலாம். புண் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாதது அலட்சியத்தால் அல்ல.

கால்களைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. 1985இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடற்றோருக்கான மருத்துவத் திட்டம் தொடங்கியபோது, அதில் சேர்ந்த ஜிம் ஓ’கானல் என்ற இளம் மருத்துவரை அங்கிருந்த செவிலியர்கள் உடனே நோயாளிகளைப் பரிசோதிக்க விடவில்லை. ஸ்டெதஸ்கோப்பை உள்ளே வைத்துவிட்டு, வந்தவர்களின் கால்களை வெந்நீர்த் தொட்டியில் நனைத்துக் கழுவச் சொன்னார்கள். நாளெல்லாம் நடந்து, இரவெல்லாம் செருப்போடு படுத்திருப்பவருக்குக் கால்தான் முதல் வேதனை. அதோடு, காலைக் கழுவுபவர் கீழே உட்கார்ந்திருப்பார், நோயாளி மேலே உட்கார்ந்திருப்பார். யார் யாரிடம் பேசுகிறார் என்பதே மாறிவிடுகிறது. ஓ’கானல் அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பணியிலேயே இருந்தார். நம் ஊரில் இதற்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும், சோப்பும், பழைய துண்டுகளும், கட்டுப் போட்ட காலுக்கும் நுழையும்படி ஓர் அளவு பெரிதான செருப்புகளும் போதும்.

இப்போது முகாமுக்கு வருகிறேன். வெளிப்படையாகச் சொல்வதென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை முகாமை நீங்கள் நடத்த வேண்டாம் என்பதே என் கருத்து. குறைந்தது ஆறு மாதத்துக்காவது வேண்டாம். உங்கள் மாணவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் பந்தல் போட்டு, பேனர் கட்டி, பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும் ஒரு முகாமுக்கு, பேருந்து நிலையத்தில் இரவைக் கழிப்பவர்கள் வருவதில்லை. காலை ஐந்து மணிக்கே கடைக்காரர்கள் எழுப்பிவிடுவதால் அவர்கள் பழைய இரும்பு, அட்டை பொறுக்கவோ, மூட்டை தூக்கவோ, கோயில் வாசலுக்கோ போய்விடுகிறார்கள். வருபவர்கள் பயணிகளும் சுற்றுப்பட்டுக் கடைக்காரர்களுமே. அப்படியே ஐந்தாறு பேர் வந்தாலும், ஒரே ஒரு முறை அளந்த ரத்த அழுத்தத்தை வைத்து மருத்துவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. சர்க்கரை 300 என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, பத்து நாள் மாத்திரையும் கொடுத்தனுப்பினால், பதினோராம் நாள் அவருக்கு மிஞ்சுவது கவலை மட்டும்தான்.

அதற்குப் பதிலாக ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டரை மணி, கடைகள் அடைக்கத் தொடங்கும் நேரம். ஒரு செவிலியர், இரண்டு மாணவர்கள், நீங்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு மருத்துவர். மழை பெய்தாலும், தேர்வு வந்தாலும், விடுமுறை வந்தாலும் ஒரே முகங்கள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும். முதல் மூன்று வாரம் மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். டீ வாங்கிக் கொடுத்து, பெயர் கேட்டு, தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், எங்கே மலம் கழிக்கிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருங்கள். அடுத்த செவ்வாயும் இவர்கள் வருவார்கள் என்று அங்கிருப்பவர்கள் நம்பத் தொடங்கும் வாரத்தில்தான் உங்கள் மருத்துவம் தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் வீடற்றோரைத் தேடி எண்ணி, நாடு முழுவதும் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்று பதிவு செய்தார்கள். ஓர் இரவில் கண்ணில் படாதவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் செவ்வாய்க்கிழமைகளே உங்களுக்குக் காட்டும். முதல் வாரம் இருபது பேரைப் பார்த்த இடத்தில் பத்தாவது வாரம் முப்பத்தைந்து பேரைப் பார்ப்பீர்கள்.

அரசின் திட்டத்தோடு இதை இணைக்கவும் வழியுண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது நம் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தத் திட்டம் படுக்கையில் கிடக்கும் எத்தனையோ முதியவர்களின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் தட்டுவதற்குக் கதவில்லாதவரின் பெயர் பட்டியலில் ஏறுவது கடினம். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரை நேரில் சந்தித்து, முகவரி என்ற இடத்தில் ஒரு டீக்கடையின் பெயரையோ, நடைமேடை எண்ணையோ எழுதி, இவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி கேளுங்கள். நகர்ப்புற சுகாதார இயக்கம் 2013இல் தொடங்கப்பட்டபோதே வீடற்றோரையும் குப்பை பொறுக்குவோரையும் தேடிச் செல்வது அதன் கடமைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று.

மாத்திரை விஷயத்தில் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். இதை உங்களுடன் வரும் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டிய ஒரு பெண்ணுக்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை ரத்த அழுத்தத்துக்கு எழுதினால் அவர் அதைச் சாப்பிட மாட்டார். சாப்பிடாததற்கு அவருக்கு நல்ல காரணம் இருக்கிறது. நாளைக்கு ஒரு வேளை போதுமான, உடலில் நெடுநேரம் தங்கும் அம்லோடிபின் போன்றது, ஒரு நாள் விட்டுப்போனாலும் உடனே கைவிடாது. சர்க்கரைக்கு, அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாதவருக்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை ஆபத்து; மாத்திரையை விழுங்கிவிட்டு உணவு கிடைக்காமல் போனால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார், பார்ப்பவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று கடந்து போவார்கள். மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வதில்லை. இன்சுலின் தவிர்க்க முடியாதபோது, திறந்த குப்பி அதிக வெப்பமில்லாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும் என்பதால், நம்பிக்கையான ஒரு மருந்துக்கடையின் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பை வைத்து, கையிருப்புக் குப்பியை ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் வைத்துக்கொள்ளச் செய்யலாம். எல்லாருக்கும் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். நனையும், திருடு போகும். வாரத்துக்கு வாரம் கொடுங்கள், அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை.

இருமலை மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு உள்ளவர் ஒவ்வொருவருக்கும் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஒரே தாழ்வாரத்தில் நெருங்கிப் படுப்பவர்களிடையே காசநோய் வேகமாகப் பரவும். வழக்கமான காசநோய்க்கு மருந்து 6 மாதம், இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் 2024 நவம்பர் முதல் வழங்கப்படுகிறது, ஆனால் அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கில்லாதவருக்குக் கணக்குத் தொடங்கித் தரும்வரை முட்டையும் பருப்புச் சோறும் உங்கள் கையால் போக வேண்டும். தினமும் மாத்திரையைக் கண்ணால் பார்த்து விழுங்கவைக்க, அந்த இடத்திலேயே நாள் முழுதும் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். டீ மாஸ்டர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர், கழிப்பறை வசூல் செய்பவர் ஆகியோரில் யாராவது ஒருவர் இதற்குக் கட்டாயம் கிடைப்பார். நாய்க்கடியும் இங்கே அடிக்கடி நேரும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் மற்றவை. அந்தத் தேதிகளை அவர் நினைவில் வைக்க மாட்டார், நீங்கள் வையுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காவல் நிலையத்தில் ‘ஒப்படைப்பது’ என்ற சொல்லை முதலில் விட்டுவிடுவோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, மனநோயோடு தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குத் தருகிறது. அப்படி எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலைய அதிகாரியின் கடமை. 18ஆம் பிரிவின்படி, வறியோர் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடற்றவருக்கு அரசு மனநல மருத்துவ நிலையங்களில் சிகிச்சை இலவசம். நிலையத்துக்குப் போகும்போது இந்தப் பிரிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பல காவலர்கள் மனிதாபிமானத்தோடு உதவுவார்கள், சட்டம் தங்களுக்கு இந்த வழியைத் திறந்துவைத்திருப்பது மட்டும் அவர்களில் சிலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் அது முதல் படியாக இருக்க வேண்டியதில்லை. அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தாமல், உணவருந்திக்கொண்டு இருக்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆண் மாணவர்கள் விலகி நிற்கட்டும். ஒரு பெண் செவிலியரும் நீங்களும் மட்டும், ஒரு கை தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்து, ஒரு டம்ளர் டீயை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு வாருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவர் பேசுவது தமிழா, தெலுங்கா, கன்னடமா, இந்தி மொழியா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வடக்கேயிருந்து குமரி வரை போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலை நம் இரண்டு மாவட்டங்களின் ஊடாகவே போவதால், எங்கோ லாரியில் ஏறி எங்கோ இறக்கிவிடப்பட்டவர்கள் தொப்பூரிலிருந்து ஓசூர் வரை சாலையோரத்தில் தென்படுகிறார்கள்; அவர் உளறுகிறார் என்று ஊர் நினைப்பது சில வேளைகளில் ஒடியாவோ வங்காளமோதான். அவருக்கு மாதவிலக்குத் துணி வேண்டியிருக்கலாம், கருவுற்றிருக்கலாம், இரவில் அவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பகலில் கேட்க வேண்டும், பெண்ணொருவர்தான் கேட்க வேண்டும். 181 மகளிர் உதவி எண்ணையும், 14416 டெலிமானஸ் மனநல எண்ணையும் கையில் வைத்திருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருவரை முன்பே அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ இத்தகைய பெண்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, சிகிச்சை பெற்றவர்களில் பலரைக் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறது; ஆகவே இது நடக்காத காரியமில்லை. அவருடைய படத்தை மட்டும் எடுக்காதீர்கள். குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தில்கூட வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். அவர் எதிலிருந்து தப்பி வந்தாரோ அதுவே அவரைத் தேடி வந்துவிடக்கூடும்.

ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்த அரசு மருத்துவமனையும் சிகிச்சையை மறுக்க இடமில்லை. ஆபத்தான நிலையில் இருப்பவரின் உயிரைக் காப்பதே எந்த மருத்துவருக்கும் முதற்கடமை, சட்டச் சடங்குகள் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தங்குமிடத்தைப் பொறுத்தவரை, ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் இல்லம் ஒன்று என்ற கணக்கில் மத்திய அரசின் திட்டம் வகுக்கப்பட்டது. உங்கள் ஊரில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று நகராட்சி ஆணையரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மார்கழி இரவுகளில், குறிப்பாக ஓசூர், தளிப் பக்கம், குளிர் எலும்பைத் துளைக்கும். நுரையீரல் நோயுள்ளவருக்குக் கம்பளியும் மருந்துதான்.

உங்களுக்கு மருத்துவர் கிடைப்பது கடினம் என்று யாராவது சொன்னால், உங்கள் மாவட்டத்திலேயே உள்ள சிட்லிங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். 1993இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் அங்கே ஒரு கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு 147 என்றிருந்த சிசு மரணம் பின்னாளில் சுமார் 20க்கு இறங்கியதற்கு, அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது முக்கியக் காரணம். பேருந்து நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்: யார் இருமுகிறார், யார் இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை, புதிதாக வந்த சிறுவன் எங்கே படுக்கிறான் என்பதெல்லாம் அறிந்த ஒருவர். பெரும்பாலும் அது ஒரு வயதான பெண்ணாக இருக்கும். அவரைக் கண்டுபிடித்து, உங்கள் குழுவில் ஒருவராக்கி, அவர் செலவழிக்கும் நேரத்துக்கு ஒரு தொகையும் கொடுங்கள். மாணவர்கள் மூன்றாண்டில் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள், அவர் இருப்பார்.

மாணவர்கள் மனம் விட்டுப்போனதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவர்கள் கோபமென்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அது வெட்கமாகத் தோன்றுகிறது. இவ்வளவு பாடுபட்டவர்களைச் சொல்லாமல் விட்டுவந்தோமே என்ற வெட்கம். முதல் செவ்வாய்க்கிழமை அவரிடமே போங்கள். ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்க வேண்டாம், மருத்துவமனைப் பேச்சையே எடுக்க வேண்டாம். கட்டு நனைந்திருக்கிறதே, மாற்றிவிடட்டுமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்பார். சரி என்று சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த செவ்வாய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த செவ்வாய் போங்கள்.